ஸ்ரீநகர் ரோடு நம்ம பட்டறை வாசல்லயே போகுது

எங்க நாமக்கல்ல பைபாஸ்னா அது கரூர் போறதுக்கும் சேலம் போறதுக்கும் உள்ள ரோடு, அதுக்கு மேல யாரும் அதப்பத்தி யோசிக்கிறதில்ல. ஏறுவோம், போன வேலைய முடிப்போம், திரும்பி வருவோம். ஆனா கொஞ்ச காலமாவே அந்த ரோடு என்னைய கூப்புட்டுக்கிட்டே இருக்கு, ஒரு நாள் நம்பர் பிளேட்டா வருது, ஒரு நாள் ஆப்பிள் பெட்டியா வருது, இன்னொரு நாள் டீ குடிக்கிற எடத்துல பக்கத்து பெஞ்சுல உக்காந்திருக்கற ஆளா வருது. அதனால அடுத்த வருஷம் புரட்டாசில பைக்க எடுத்துக்கிட்டு கன்னியாகுமரில ஆரம்பிச்சு ஸ்ரீநகர் வரைக்கும், எங்க பைபாஸா போற இதே 44ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலைலயே போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். லடாக் இல்ல, மணாலி இல்ல, ஒரே ரோடு, இந்த முனைல இருந்து அந்த முனை வரைக்கும். கேக்கறவங்க எல்லாம், பைக்ல தூரம் போறவங்க லடாக்தான போவாங்க, நீ ஏன் போகலன்னுதான் மொதல்ல கேக்கறாங்க, அவங்களுக்கு சேத்துத்தான் இத எழுதறேன்.

நான் வேலை பாக்கறது லாரி பாடி கட்டுற பட்டறைல, கணக்கு எழுதற பக்கம். இந்த தொழில் தெரியாதவங்களுக்கு சொல்றேன், கம்பெனில இருந்து வெறும் சேஸா வர்ற வண்டிக்கு எங்க ஊர்லதான் பாடி கட்டி, பெயிண்ட் அடிச்சு, பூஜை போட்டு ரோட்டுக்கு அனுப்புவாங்க. இப்ப நெறைய வண்டி கேபினோடவே வந்துருது, நான் சின்ன பையனா இருந்தப்ப அப்படி இல்ல. ஜாம்ஷெட்பூர்ல இருந்தெல்லாம் அந்த வெறும் சேஸ அப்படியே ரோட்டுல ஓட்டிக்கிட்டு வருவாங்க, கூரை கிடையாது, கண்ணாடி கிடையாது, கதவு கிடையாது, ஒரு பலகை சீட்டு, ஒரு ஸ்டியரிங், பின்னால ரெண்டு இரும்பு சட்டம், அவ்வளவுதான். தலைல துண்ட சுத்தி கட்டிக்கிட்டு மூஞ்சியெல்லாம் புழுதியோட வந்து எறங்குவாங்க. ஒடிசா மழை, ஆந்திரா வெயில் எல்லாத்தையும் ஒடம்புலயே வாங்கிக்கிட்டு வந்த ஆளுங்க. அவங்க எறங்கி கை காலு கழுவிட்டு டீ கிளாச புடிச்சுக்கிட்டு நிக்கறத பாத்துக்கிட்டே இருப்பேன், அந்த வயசுலயே எனக்கு அவங்க மேல ஒரு பெரிய மரியாதை. பைக்ல தூரம் போகணும்ங்கற ஆசைக்கு வெதை அங்கதான் விழுந்துச்சுன்னு இப்ப தோணுது, ஏன்னா காரோ பஸ்ஸோ எனக்கு அந்த ஆசைய குடுத்ததே இல்ல, காத்து நேரா மூஞ்சில அடிக்கணும்.

எங்க அப்புச்சி காலத்துல இந்த ரோடு ஏழாம் நம்பர். கன்னியாகுமரில இருந்து காசி வரைக்கும், 2,369 கிலோமீட்டர், அப்ப நாட்டுலயே நீளமான தேசிய நெடுஞ்சாலை அதுதான். அப்புச்சி என்னைய சைக்கிள்ல முன்னாடி வெச்சு ஓட்டிக்கிட்டு போவாரு, ரோட்ட காட்டி "இப்படியே நேரா போனா காசி கண்ணு"ன்னு சொல்லுவாரு. அவரு காசிக்கு போனதில்ல, போகணும்னு சொல்லிக்கிட்டே போய் சேந்துட்டாரு. 2010ல நாடு பூராவும் நம்பர மாத்தினாங்க, பழைய ஏழுல தெக்கால பாதிய எடுத்து, வடக்க இருந்த வேற சில பழைய ரோடுங்களோட ஒட்டி 44ன்னு வெச்சாங்க. காசி போன ரோடு ஸ்ரீநகர் போற ரோடா ஆயிருச்சு. மொத்தம் 3,700 கிலோமீட்டருக்கு மேல.

இந்த நம்பர்ல ஒரு கணக்கு இருக்கு, அது தெரிஞ்சதுல இருந்து ரோட்டுல எந்த போர்ட பாத்தாலும் மனசுக்குள்ள ஒரு மேப்பு விரியுது. வடக்கு தெற்கா போற பெரிய ரோட்டுக்கெல்லாம் ரெட்டைப்படை, கெழக்கு மேற்கா போறதுக்கெல்லாம் ஒத்தைப்படை. ரெட்டைப்படை கெழக்க சின்னதா ஆரம்பிச்சு மேக்க போகப்போக பெருசாகும், அதனாலதான் சென்னை கல்கத்தா ரோடு 16, நம்மது நடுவுல 44, மும்பை பக்கம் பன்வேல்ல இருந்து மேற்கு கடல் ஓரமாவே கன்னியாகுமரிக்கு வர்றது 66. ஒத்தைப்படை வடக்க இருந்து தெக்கால எண்ணிக்கிட்டு வரும், காஷ்மீர் லடாக் பக்கம் 1, தனுஷ்கோடி போறது 87. ஸ்ரீநகர்ல நம்ம 44 போய் முட்டறது அந்த 1ம் நம்பர் ரோட்டுலதான். மைல்கல்லுல தலைல மஞ்ச இருந்தா தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தா மாநில நெடுஞ்சாலைன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்த மஞ்சக் கல்லு பரமத்தி வேலூர் பக்கத்துலயும் நிக்குது, இதே ரோட்டு மேல ஜம்மு மலைல இருக்கற பானிஹால்லயும் நிக்குதுன்னு நெனச்சு பாருங்க. எனக்கு அந்த நெனப்பு வந்த நாள்ல இருந்து அந்த கல்ல கடக்கும்போதெல்லாம் வேகம் தன்னால கொறையுது.

எங்க பெரியப்பா திருச்செங்கோட்டுல போர் வண்டில, அதாவது ஆழ்துளை கிணறு போடற வண்டில இருந்தவரு. திருச்செங்கோட்டு போர் வண்டி போகாத ஊரு இந்தியாவுல இல்ல, இத பெருமைக்காக சொல்லல, நெசமாவே அப்படித்தான். அவரு பல வருஷம் சாகர், லலித்பூர், ஜான்சி அந்த பக்கம் ஓட்டிக்கிட்டு இருந்தாரு, புந்தேல்கண்ட்னு சொல்லுவாங்க, பாறை பூமி, கோடைல தண்ணிக்கு அவ்வளவு கஷ்டப்படற சனங்க. கூடவே சமையலுக்கு ஆளு, மூட்டை மூட்டையா அரிசி, மாசக்கணக்குல வீட்டுக்கு வர மாட்டாங்க. தண்ணி பீச்சி அடிக்கற நேரத்துல ஊரே ஓடி வந்து சுத்தி நிக்கும், கெழவிங்க எல்லாம் இவரு கைய புடிச்சு கண்ணுல ஒத்திக்குவாங்கன்னு அவரு சொல்லும்போது இன்னும் குரல் மாறும். எனக்கு ரொம்ப நாளா புரியாம இருந்தது, அவரு சொன்ன அந்த சாகரும் லலித்பூரும் ஜான்சியும் எல்லாமே இதே 44 மேலதான் இருக்குங்கறது. மேப்ப வெச்சு காட்டினேன். வெரல வெச்சு ஒவ்வொரு ஊரா தொட்டு பாத்துக்கிட்டு வந்தாரு, "லலித்பூர் தாண்டி இந்த எடத்துல ஒரு புளியமரம் இருக்கும்டா, அதுக்கு கீழதான் வண்டிய போட்டு தூங்குவோம், அந்த மரம் இருக்கான்னு பாத்துட்டு வா"ன்னாரு. போய் பாக்கறேன் பெரியப்பான்னு வாக்கு குடுத்துட்டேன்.

அப்பறம் அந்த ஆப்பிள் பெட்டி. பழமண்டில எங்க தெருக்காரர் ஒருத்தர் இருக்காரு, அவர் கடைல பெட்டி மேல சோபியான்னு காஷ்மீர் ஊரு பேரு இங்கிலீஷ்ல அச்சடிச்சிருக்கும், உள்ள பழத்துக்கு நடுவுல சுருட்டி வெச்ச உருது பேப்பர். ஒரு வருஷம் சீசன் நேரத்துல போனப்ப கடை காலியா கெடந்துச்சு. என்னங்க அண்ணா லோடு வரலியான்னு கேட்டா, "ராம்பன்கிட்ட மலை சரிஞ்சு ரோட்டு மேல கெடக்குதாம் தம்பி, காசிகுண்ட்ல லாரி எல்லாம் வரிசையா நிக்குது, பழம் வண்டிலயே அழுகுது"ன்னாரு. அங்க ஒரு மலை சரிஞ்சா இங்க நாமக்கல்ல ஒரு கடைல யாவாரம் நிக்குது, ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது இந்த ஒரே ரோடு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து ஜம்மு ஸ்ரீநகர் ரோட்டப்பத்தி ராத்திரி பூரா படிச்சேன். செனானி நஷ்ரி சுரங்கம், ஒம்பது கிலோமீட்டருக்கு மேல, 2017ல தொறந்தது, அதனால பட்னிடாப் மலை ஏறி எறங்க வேண்டியதில்ல. அதுக்கப்பறம் பானிஹால் காசிகுண்ட் சுரங்கம், எட்டரை கிலோமீட்டர், 2021ல. அதுக்கு முன்னாடி 1956ல இருந்து இந்த ரோட்டுல ஜவஹர் சுரங்கம்தான் பள்ளத்தாக்குக்கு வாசல். இந்த ரெண்டு புது சுரங்கத்துக்கும் நடுவுல இருக்கற ராம்பன் பக்கம்தான் இன்னிக்கும் மலை சரியற எடம், செனாப் கீழ ஓடும், ரோடு மலைய சொரண்டிக்கிட்டு போகும்.

எல்லாத்தையும் விட என்னைய உலுக்குனது ஒரு லாரி டிரைவர். பைபாஸ்ல இருக்கற பஞ்சாபி தாபாவுல, பிபின்னு பஞ்சாப் நம்பர் போட்ட வண்டி, லூதியானாவுல இருந்து சைக்கிள் சாமான் ஏத்திக்கிட்டு வந்தவரு, வயசு அறுவது இருக்கும், வெள்ளை தாடி. நம்ம ஹிந்தி அரைகுறை, தாபாக்கார அண்ணன் நடுவுல நின்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. என் வீடு எங்கன்னு கேட்டாரு, இதே ரோட்டுல ரெண்டு கிலோமீட்டர்னேன். உங்களுதுன்னு கேட்டேன். பில்லோர்னாரு, சட்லெஜ் பாலம் தாண்டினா வர்ற ஊரு. அப்பறம் கையால ரோட்ட காட்டி, "என் வீடும் இதே ரோட்டுலதான் பேட்டா, எங்கயும் திரும்ப வேண்டாம், நேரா வா"ன்னாரு. அவரு சாதாரணமாத்தான் சொன்னாரு, ரொட்டிய பிச்சுக்கிட்டே. எனக்கு அதுக்கப்பறம் சோறு எறங்கல. கூகுள் மேப்புல ஆயிரம் தடவை பாத்த ரோடுதான், ஆனா இன்னொரு முனைல இருந்து ஒரு மனுசன் வந்து உக்காந்து அது நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தெருங்கற மாதிரி பேசினப்பதான் நான் போயே ஆகணும்னு முடிவாச்சு. போன் நம்பர் வாங்கி வெச்சிருக்கேன். வரும்போது கூப்புடு, பாலத்துக்கிட்ட வந்து நிக்கறேன்னு சொல்லியிருக்காரு.

இன்னொண்ணு சொல்லணும், இது கொஞ்சம் பழைய கதை. சென்னைல பரங்கிமலை மேல வில்லியம் லாம்டன்னு ஒரு வெள்ளைக்காரரோட மார்பளவு சிலை இருக்கு. 1802 ஏப்ரல்ல அந்த மலைக்கு பக்கத்துலதான் சங்கிலிய போட்டு ஏழரை மைல் நீளத்துக்கு மொத கோட்ட அளந்தாரு, அங்க ஆரம்பிச்சதுதான் இந்தியாவ முக்கோணம் முக்கோணமா அளந்த அந்த பெரிய சர்வே. அரை டன் எடை இருக்கற தியோடலைட்டுங்கற கோணம் அளக்கற கருவிய மலை மலையா, கோபுரம் கோபுரமா தூக்கிக்கிட்டு போனாங்க, 1808ல தஞ்சாவூர் பெரிய கோயில் கோபுரத்துல ஏத்தும்போது கயிறு அறுந்து கருவி அடிபட்டுருச்சு, அவரே வாரக்கணக்குல உக்காந்து அத சரி பண்ணினாரு. கன்னியாகுமரில இருந்து இமயமலை வரைக்கும் 78 டிகிரி தீர்க்கரேகைய ஒட்டி ஒரு நேர்கோடு, சுமார் 2,400 கிலோமீட்டர், அதுதான் அவரோட வேலை. முடிக்கல. 1823 ஜனவரில ஹிங்கன்காட்ங்கற ஊர்ல எறந்துட்டாரு, கல்லறையும் அங்கதான். மிச்சத்த தொடந்தவருதான் எவரெஸ்ட், மலைக்கு பேரு வெச்சாங்களே அவரு.

ஹிங்கன்காட் எங்க இருக்குன்னு தேடினேன். நாக்பூருக்கு தெக்கால, 44 மேலயே. நாமக்கல்லு எந்த தீர்க்கரேகைல இருக்குன்னும் பாத்தேன், 78க்கு கொஞ்சம் மேல. குவாலியரும் கிட்டத்தட்ட அதேதான். அதாவது எங்க ஊர்ல இருந்து நேர் வடக்க கோடு போட்டா குவாலியர் கோட்டைகிட்ட போய் நிக்கும், 44ம் ஆக்ரா வரைக்கும் அந்த கோட்ட ரொம்ப தூரம் விட்டுட்டு போறதில்ல, அங்கயும் இங்கயும் வளைஞ்சு திரும்ப வந்துருது. அவங்க மாட்டு வண்டிலயும் ஆள் தோள்லயும் பாம்பு, காய்ச்சல் எல்லாத்துக்கும் நடுவுல இருவது வருஷமா நகந்து போன தெசைலதான் நான் பைக்ல போகப்போறேன். ஹிங்கன்காட்ல எறங்கி அந்த கல்லறைக்கு ஒரு மாலை போடணும், அது கண்டிப்பா.

போற வழில என்ன பாக்கப்போறன்னு கேட்டா மொதல்ல நான் சொல்றது ஆறு. கோட்டை, கோயில் எல்லாம் அப்பறம். இந்த ஒரு ரோட்டுல போனா தாமிரபரணி, வைகை, கரூர்ல அமராவதி, பரமத்தி வேலூர் பாலத்துல காவேரி, அப்பறம் அனந்தபூர் தாண்டி பெண்ணாறு, கர்னூல்ல துங்கபத்ரா, கொஞ்ச தூரத்துலயே கிருஷ்ணா, நிர்மல் பக்கம் கோதாவரி, மகாராஷ்டிரா எல்லைல பென்கங்கா, அதுக்கு மேல நர்மதை, சம்பல், யமுனை, சட்லெஜ், பியாஸ், ராவி, ஜம்முல தாவி, ராம்பன்ல செனாப், கடைசில ஜீலம். பள்ளிக்கூடத்துல புவியியல் பாடத்துல மனப்பாடம் பண்ணி பரிச்சைல எழுதி மறந்துபோன பேரு எல்லாம் வரிசையா ஒவ்வொரு பாலமா வரப்போகுது. ஒவ்வொரு பாலம் தாண்டினதும் ஓரமா வண்டிய நிறுத்தி எறங்கி தண்ணில கால நனைக்க முடிஞ்ச எடத்துல நனைக்கணும், முடியாத எடத்துல சும்மா நின்னு பாக்கணும். சம்பல்ல எறங்க மாட்டேன், அங்க முதலை இருக்கு.

நாக்பூர் தாண்டி சிவனி போற வழில பெஞ்ச் காடு வரும். அங்க ரோட்ட தூண் மேல தூக்கி கட்டி, கீழ புலியும் மானும் கடந்து போறதுக்கு வழி விட்டிருக்காங்க, புலி நெசமாவே அதுல போறது கேமராவுல பதிவாயிருக்கு. நாம மேல போக அது கீழ போகும். காஷ்மீருக்குள்ள போனா பிஜ்பிஹாரா பக்கம் ரோட்டோரமா கிரிக்கெட் மட்டைக்கு வில்லோ கட்டைய அடுக்கி காய வெச்சிருப்பாங்களாம், அவந்திபுரால ஒம்பதாம் நூத்தாண்டு கோயில் இடிபாடு ரோட்ட ஒட்டியே இருக்கு, அவந்திவர்மன்னு ஒரு ராஜா கட்டினது. அதுக்கப்பறம் பாம்பூர் குங்குமப்பூ வயல், ஆனா பூ அக்டோபர் கடைசிலதான் வரும், எனக்கு கெடைக்காது போல.

ஏன் புரட்டாசின்னா, மே மாசம் நாக்பூர் பக்கம் விதர்பா வெயில்ல பைக் ஓட்டறது ஒடம்புக்கு ஆகாது, ஜூலை ஆகஸ்ட்ல மழையும் அமர்நாத் யாத்திரையும், யாத்திரை சமயத்துல ஜம்முல இருந்து வண்டிய நேரம் பாத்துத்தான் விடுவாங்க. டிசம்பர் ஜனவரில பஞ்சாப் ஹரியானாவுல பனிமூட்டம், முன்னாடி போற லாரி கண்ணுக்கு தெரியாது, மேல போனா பனி. செப்டம்பர் கடைசில போனா மேல வானம் தெளிவா இருக்கும், ஆப்பிள் பறிக்கற நேரம் வேற, நான் ஏறிக்கிட்டு இருக்கும்போது அந்த பெட்டி எல்லாம் எனக்கு எதுக்கால எறங்கி வந்துக்கிட்டு இருக்கும். திரும்பும்போது நம்மூர்ல ஐப்பசி மழை புடிச்சுக்கும், அது பரவால்ல, நம்ம மழைதான.

அம்மாகிட்ட சொல்றதுதான் கஷ்டமா இருந்துச்சு. மொத கேள்வி "ஒத்தையிலயா போற?" ஆமான்னேன். ரெண்டு நாள் பேசல. அம்மாவுக்கு காங்கேயம் பக்கத்துல இருக்கற சிவன்மலை முருகன் மேல அவ்வளவு நம்பிக்கை, அங்க ஆண்டவன் யாரோ ஒரு பக்தர் கனவுல வந்து ஒரு பொருள சொல்லுவாரு, அத உத்தரவு பெட்டில வெச்சு பூஜை பண்ணுவாங்க, அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும் அது அங்கயே இருக்கும். அப்படி நம்பற மனுசிகிட்ட போய், பிபி நம்பர் லாரிய பாத்தேன், ஆப்பிள் பெட்டிய பாத்தேன்னு ஒண்ணொண்ணா சொன்னேன், அவங்க கொஞ்சம் கூட சிரிக்கல. எல்லாத்தையும் கேட்டுட்டு, குலதெய்வம் கோயிலுக்கு கூட்டிக்கிட்டு போய் பூ வாக்கு கேட்டாங்க, வேற வேற பூவ பொட்டலம் கட்டி சாமி முன்னாடி போட்டு ஒண்ண எடுக்கறது அது. பொட்டலத்த பிரிச்சா அம்மா மனசுல நெனச்ச வெள்ளப்பூ. அதுக்கப்பறம் ஒரு வார்த்தை தடுக்கல, தெனமும் ராத்திரி தங்கற ஊரு பேர சொல்லி போன் பண்ணணும்ங்கறது மட்டும்தான் கட்டளை. நானும் அந்த பூவ நம்பறேன், அம்மா கண்ணு முன்னாடி பிரிஞ்ச பொட்டலம் அது.

வேலை நெறைய இருக்கு. பைக் அப்பாச்சிதான், அதுக்கு டயர் ரெண்டும் மாத்தணும், செயின் செட்டு போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி மாத்தி ஓட்டி பழக்கிரணும், கிளட்ச் கேபிளும் டியூபும் ஸ்பேர். நம்மூர் பிரீபெய்டு சிம்மு காஷ்மீர்ல வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுக்கு மாறணும், இல்லன்னா அம்மாவுக்கு போன் பண்ண முடியாது. ஒரு நாளைக்கு 350, 400 கிலோமீட்டருக்கு மேல கிடையாது, இருட்டினா ஓட்டறது கிடையாது. டோல்கேட்ல பைக்குக்கு காசு இல்ல, அது ஒரு நிம்மதி. ஹைதராபாத் அவுட்டர் ரிங் ரோட்டுல பைக் விட மாட்டாங்க, அதனால ஊருக்குள்ள பூந்து வரணும், விடியக்காலைல தாண்டிரணும். மொதல்ல வீட்ல இருந்து தெக்கால கன்னியாகுமரி போயி, கடல்ல கால நனைச்சுட்டு, அங்கிருந்து கணக்கு ஆரம்பம். வர்ற வழில நாமக்கல்லயும் மத்த ஊர் மாதிரியே ஒரு ராத்திரி தங்கல்.

முதலாளிகிட்டயும் சொல்லியாச்சு. நான் போற நாளுக்குள்ள ஆயுத பூஜை வந்துரும், பட்டறைல அன்னிக்கு ஆள் இல்லாம இருக்கறது அவருக்கு மனசு கேக்கல, வருஷா வருஷம் பட்டறைல நிக்கற வண்டி எல்லாத்துக்கும் சந்தனம் வெக்கறது என் வேலை. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசாம இருந்துட்டு, "எந்த ஊர்ல இருந்தாலும் சரி, அன்னிக்கு வண்டிய கழுவி பொட்டு வெச்சு, சக்கரத்துக்கு அடில பழம் வெச்சு ஏத்திட்டுத்தான் கெளம்பணும்"னாரு. சரிங்கன்னேன். டேங்க் பேக்ல சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் எடம் ஒதுக்கியாச்சு, எலுமிச்சம்பழம் வழில வாங்கிக்கலாம்.